மெம்பர் படுத்திய பாடு

வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் 'உறுப்பினர்கள்' என்று காட்டுகிறது. யாருக்கும் அது புதுச் சொல்லாகத் தெரிவதில்லை, ஏதோ சங்க காலத்திலிருந்தே இருப்பது போல. ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் இந்தச் சொல் கிடைக்காமல் பாரதியே திண்டாடியிருக்கிறார். 'மெம்பர்' என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று அரைமணி நேரம் யோசித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவயவி சரியில்லை, அங்கத்தான் கட்டிவராது, சபிகன் சரியான பதம்தான் ஆனால் பொதுஜனங்களுக்குத் தெரியாது, உறுப்பாளி என்றுகூட நினைத்துப் பார்த்திருக்கிறார், எதுவும் மனதுக்கு ஒட்டாமல் கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டார். உறுப்பாளி வரைக்கும் வந்தவர் உறுப்பினருக்கு வரவில்லையே என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதனால் பழைய பத்திரிகைகளைப் புரட்ட ஆரம்பித்தேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிறைய இதழ்கள் கிடக்கின்றன. எல்லாம் வெறும் படங்கள்தான், சொல்லைத் தட்டித் தேட முடியாது, கண்ணால்தான் மேய வேண்டும். (மேயப் போனவன் பாதி நேரம் தைல விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தேன், அது வேறு கதை.)

முப்பதுகள், நாற்பதுகளில் எங்கே பார்த்தாலும் 'அங்கத்தினர்'தான். சட்டசபை அங்கத்தினர், சங்க அங்கத்தினர். கூடவே அக்கிராசனர், காரியதரிசி, அபேட்சகர் என்று ஒரு பட்டாளமே வரும். தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் மேடைத் தமிழையும் அச்சுத் தமிழையும் மாற்ற மாற்ற, அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், அபேட்சகர் வேட்பாளரானார். அந்த வரிசையில்தான் அங்கத்தினரும் உறுப்பினரானார். ஒரே நாளில் இல்லை, கொஞ்ச காலம் இரண்டும் ஒரே பக்கத்தில்கூடக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. இலங்கைத் தமிழில் 'அங்கத்தவர்' இன்றும் சாதாரணமாகப் புழங்குகிறது.

இதில் எனக்குத் தோன்றும் ஒரு விஷயம். பாரதி தேடியதெல்லாம் ஒற்றை ஆளுக்கான சொல்: அங்கத்தான், சபிகன். அந்த விகுதியில் மரியாதையும் இல்லை, பெண்ணுக்கு இடமும் இல்லை. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார், அவரை அங்கத்தான் என்றா எழுதுவது? 'இனர்' வந்தது அங்கேதான் கைகொடுத்தது. குடும்பத்தினர், பிரிவினர் என்று கூட்டத்தைச் சொல்லும் விகுதி அது, அதைத் தூக்கி ஒரே ஆளுக்கு மாட்டிவிட்டதில் மரியாதையும் வந்தது, ஆணா பெண்ணா என்ற கேள்வியும் போனது. ஆக, உறுப்பினர் என்பது அங்கத்தினர் தைத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த சொல் என்றுதான் நினைக்கிறேன். அங்கத்துக்குப் பதில் உறுப்பு, அவ்வளவுதான், வால் அப்படியே இருக்கிறது. வடசொல்லை விரட்டினோம் என்று சொல்லிக்கொண்டாலும் அது போட்ட பாதையில்தான் நடந்திருக்கிறோம்.

உறுப்பு என்ற சொல்லுக்கு வயது அதிகம். 'புறத்துறுப் பெல்லாம் எவன்செய்யும்' என்று குறளிலேயே இருக்கிறது. ஆனால் படை, அரண் என்று அரசின் உறுப்புகளைப் பேசும் குறள் பகுதிக்கு வழங்கும் பெயர் என்ன தெரியுமா? அங்கவியல்!

சரி, இவ்வளவு பாடுபட்டுச் சொல் வந்ததே, வாய்க்கு வந்ததா? உள்ளாட்சித் தேர்தல் வந்தால் சுவரில் 'வார்டு உறுப்பினர் பதவிக்கு' என்று பெரிதாக எழுதியிருக்கும். வாசலில் வந்து கும்பிடுகிறவர் சொல்வதோ, "அண்ணே, இந்தத் தடவை மெம்பருக்கு நிக்கிறேன், பாத்துப் போடுங்க."