பேண்ட் மறைந்தது, எதனால்?

"கன்ட்ரோல் எல்லாம் சுத்தமா இருக்கு சார். இன்னும் என்ன வேணும்?" செல் பயாலஜிக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். இலக்கு எம்சிஎல்1, புற்றுச் செல்லைச் சாகாமல் காக்கும் புரதம்; அதைச் செல்லே அழிக்கும்படி செய்வதுதான் காம்பவுண்டின் வேலை. காம்பவுண்டின் ஒரு முனையில் அதைப் பிடிக்கும் பகுதி, மறுமுனையில் செரிப்ளானை (புரதங்களை அழிவுக்கு அனுப்பும் செல் புரதம்) பிடிக்கும் பொமாலிடோமைடு, நடுவில் இரண்டையும் இணைக்கும் லிங்கர். 1 மைக்ரோமோலாரில் 24 மணி நேரம் வைத்த செல்களின் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) எம்சிஎல்1 பேண்ட் கிட்டத்தட்ட இல்லை. போர்ட்டிசோமிப் சேர்த்து, புரதங்களை அரைக்கும் புரோட்டியசோமை அடைத்தால் பேண்ட் திரும்பி வருகிறது. செரிப்ளான் ஜீனை நீக்கிய செல்லில் அது அசையவே இல்லை. குளூட்டாரிமைடு நைட்ரஜனில் மீதைல் ஏற்றிச் செரிப்ளானைப் பிடிக்க முடியாமல் செய்த ஜோடிக் காம்பவுண்டாலும் ஒன்றும் ஆகவில்லை. வழக்கமாகக் கேட்கப்படும் மூன்று சோதனையும் தேறிவிட்டன.

"செரிப்ளான் முனையைச் சாகடிச்சுப் பாத்தீங்க. எம்சிஎல்1 முனையைச் சாகடிச்சுப் பாத்தீங்களா?" என்றேன். இந்தப் பதிலைத்தான் மனம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது.

எம்சிஎல்1 அற்பாயுள் புரதம். பல செல்களில் அதன் அரை ஆயுள் ஒரு மணி நேரத்தைக்கூட எட்டாது. உற்பத்தி தடைபட்டால், குழாயை மூடிய தொட்டிபோலத் தானாக வற்றிவிடும். செரிப்ளானில் ஒட்டும் சில மூலக்கூறுகள், கேட்காமலே ஜிஎஸ்பிடி1 என்ற இன்னொரு புரதத்தையும் இழுத்து வந்து அழிக்கும். சிசி-885 என்ற மூலக்கூறு அப்படிச் செய்வது 2016-இல் வெளியானது. ரைபோசோம் ஒரு புரதத்தை முடித்து விடுவிக்க ஜிஎஸ்பிடி1 வேண்டும். அது போனால் மொழிபெயர்ப்பு தள்ளாடும், யாரும் தொடாமலே எம்சிஎல்1 இறங்கும். இந்த வழியில் இறங்கினாலும் மேலே சொன்ன மூன்று சோதனையும் அதே விடையைத்தான் தரும். செரிப்ளான் தேவை என்பது நிரூபணமாகும். எம்சிஎல்1 இழுத்து வரப்பட்டது என்பது நிரூபணமாகாது.

சந்தேகத்துக்குத் தடயம் பிளாட்டிலேயே இருந்தது. 10 நானோமோலாரில் பேண்ட், டிஎம்எஸ்ஓ (வெறும் கரைப்பான்) லேனைவிடத் தடிப்பு. எம்சிஎல்1 தடுப்பான்கள் தாம் பிடித்த புரதத்தையே நிலைப்படுத்தி அளவைக் கூட்டும் என்பதால் அதில் வியப்பில்லை. (இதனால்தான் தனித் தடுப்பானை மிகையாகப் போட்டு நடத்தும் போட்டிச் சோதனை இங்கே உதவாது.) ஆனால் 10 மைக்ரோமோலாரிலும் ஹூக் எனப்படும் திருப்பம் தெரியவில்லை. இருமுனைக் காம்பவுண்டு அளவுக்கு மீறினால் இரண்டு புரதத்தையும் தனித்தனியாக நிரப்பிவிடும், கூட்டு உருவாகாது, பேண்ட் திரும்ப ஏறும். இங்கே ஏறவில்லை. மெம்ப்ரேனை 55 கேடிஏ அருகில் குறுக்கே வெட்டினால் மேல் துண்டில் ஜிஎஸ்பிடி1, கீழ்த் துண்டில் எம்சிஎல்1 பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்ததில், 4 மணி நேரத்தில் மேல் பேண்ட் போய்விட்டது, கீழ் பேண்ட் அப்படியே நின்றது. நேரடியாக இழுத்திருந்தால் கீழ் பேண்டும் அதற்குள் சரிந்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் ஒரு காம்பவுண்டு செய்யத் தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். எம்சிஎல்1 முனை செத்த ஒன்றைச் செய்தோம். எம்சிஎல்1-இன் 263ஆம் ஆர்ஜினினைப் பிடிப்பது கார்பாக்சிலிக் அமிலம். அதை எஸ்டராக்கினால் செல்லின் எஸ்டரேஸ் மறுபடி அமிலமாக்கிவிடும், ஆகவே அமைடு. அமைடும் எம்சிஎல்1-ஐ இறக்கியது, ஆனால் பாதிதான். தீர்ப்பு கிடைத்தது என்று அந்த வரிசையை நிறுத்தினோம். தீர்ப்புதானா? அமிலம் செல் சவ்வைச் சிரமப்பட்டுத் தாண்டும், அமைடு சுலபமாகத் தாண்டும். உள்ளே போன அளவு சமமில்லை. இன்னும் கூடுதலாகப் போயும் பாதிதான் இறங்கியது என்றால், மீதிப் பாதி உண்மையான இழுப்பாக இருக்கலாமே?

ஜிஎஸ்பிடி1-இல் 575ஆம் கிளைசினை அஸ்பராஜினாக மாற்றினால் இந்த மூலக்கூறுகளால் அதை இழுக்க முடியாது. அந்தச் செல்களில் எங்கள் அமிலக் காம்பவுண்டு எம்சிஎல்1-ஐக் கொஞ்சம் இறக்கியது. "கொஞ்சம்" என்றால் லோடிங் பிழைக்குச் சற்று மேல். நிறுத்தியது சரி என்றே இப்போதும் வாதிடுவேன். எதை அழிக்கிறது என்று தெரியாத காம்பவுண்டில் லிங்கர் நீளத்தைத் திருத்துவது வீண்வேலை. டோஸ் கூட்டினால் எது முதலில் உடலைத் தாக்கும் என்றும் கணிக்க முடியாது.

ஆனால் அந்தக் காம்பவுண்டு ரத்தப் புற்றுச் செல்களை நன்றாகவே கொன்றது. ஜிஎஸ்பிடி1-ஐ வேண்டுமென்றே அழிக்கும் சிசி-90009, அக்யூட் மைலாய்டு லுகேமியா நோயாளிகளிடம் சோதனைக்கே போனது. நாங்கள் குப்பை என்று ஒதுக்கிய விளைவு இன்னொரு குழுவுக்கு இலக்கு. எம்சிஎல்1 மட்டும் என்ன பாதுகாப்பான இலக்கா? அதன் தடுப்பான்களை இதயத் தசைப் பிரச்சினை விரட்டிக்கொண்டே வருகிறது. சுத்தமான எம்சிஎல்1 டிகிரேடர் கிடைத்திருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்கும்.

அமைடைச் செய்த கெமிஸ்ட் இன்னொன்றும் சொல்கிறார். ஜிஎஸ்பிடி1-ஐ மாற்றிய செல்லில் தெரிந்த அந்தச் சிறு சரிவு, செல் சாகும்போது கேஸ்பேஸ் என்ற வெட்டு நொதி எம்சிஎல்1-ஐ வெட்டியதாகவும் இருக்கலாம். கேஸ்பேஸ் தடுப்பானோடு ஒரு பிளேட் போட்டால் தெரிந்துவிடும். மில்லிகிராம் கணக்கில் காம்பவுண்டு மீதம் இருக்கிறது, ப்ராஜெக்ட் கோடு மூடிவிட்டார்கள்.