யாருடா கண்ணு உள்ளார பேசறது

ஸ்பீக் அண்ட் ஸ்பெல்னு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் சொல்லித் தர்ற பேசற பொம்மை, யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா? சிங்கப்பூர்ல இருந்து மாமா வாங்கிட்டு வந்தது, அம்மாபேட்டைல எங்க தெரு முழுக்க தறிச் சத்தம், அதுக்கு நடுவுல இது பேசறது கேக்கணும்னா ஸ்பீக்கர் ஓட்டைங்ககிட்ட காதை வெச்சுக்கணும். ஆரஞ்சு கலர் உடம்பு, மேல கைப்பிடி, பச்சையா எரியற எழுத்து, கீபோர்டு கூட ஏபிசிடி வரிசைலதான். ஒரு வார்த்தை சொல்லும், நாம ஒவ்வொரு எழுத்தா அமுக்கணும், தப்புன்னா ட்ரை அகெய்ன்னு ஒரு அமெரிக்க ஆம்பளக் குரல். அம்மாயி பக்கத்துல உக்காந்து "யாருடா கண்ணு உள்ளார பேசறது"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க.

உள்ள யாரும் இல்ல அம்மாயி, ஒரு சிப்பு! 1978ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் விட்டது. அதுக்கு முன்னாடி பேசற பொம்மைன்னா பெரும்பாலும் கயித்த இழுத்தா உள்ள குட்டி ரெக்கார்டு சுத்தும். இதுல ரெக்கார்டும் இல்ல டேப்பும் இல்ல. அப்ப மெமரி ரொம்ப காஸ்ட்லி, அதனால ஒருத்தர் பேசினத அப்படியே வெக்காம, எவ்ளோ சத்தம், என்ன சுருதி, வாயும் தொண்டையும் ஒலிய எப்படி மாத்துதுங்கறத மட்டும் நம்பரா ரோம்ங்கற (ROM) மெமரி சிப்புல போட்டு வெச்சாங்க, பட்டன அமுக்கினதும் சிப்பு அந்த நம்பர வெச்சு குரல அப்பவே உருவாக்கும். லீனியர் ப்ரெடிக்டிவ் கோடிங்னு பேரு. இத படிச்சப்ப எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துடுச்சு, ஏன்னா பின்னாடி ஜிஎஸ்எம்ங்கற டிஜிட்டல் செல்போன்ல நம்ம குரல் போனதும் இதே அடிப்படைலதான். ஒரு பொம்மைக்குள்ள இவ்ளோ பெரிய வேலை!

உங்க வீட்ல இருந்துச்சுன்னா தூக்கிப் போட்றாதீங்க, பேட்டரி போட்டு பாருங்க.