பட்டியலில் அடிபட்ட ஊர்கள்

அக்டோபர் 4, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் ஊர்ப் பட்டியல் அனுப்பியிருக்கிறாள். அப்பா ரிட்டயர் ஆவதற்குள் 'பக்கெட் லிஸ்ட்' தயாராகிவிட வேண்டுமாம், உத்தரவு. பாரிஸ், வெனிஸ், கியோட்டோ, பாலி, சமர்கண்ட், ஆமதாபாத் என்று மனம்போன போக்கில் போகிறது. எல்லாம் நல்ல ஊர்தான். அத்தனைக்கும் போய்வர எங்களிடம் காசும் கிடையாது, முழங்காலும் கிடையாது.

அதனால் ஒரு விதி வைத்தேன். ஊர்ப் பேரைச் சொன்னதும், போனைத் தொடாமல், அங்கே எதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அந்த ஊர் அவுட். "அழகா இருக்கும்" என்ற பதில் செல்லாது. பாலி இன்றைக்கே போய்விட்டது. மகளுக்கு வருத்தம்.

அக்டோபர் 7, புதன்

பாரிஸை விடமாட்டேன் என்கிறார் இவர். கேட்ட உடனே "மோனலிசா" என்றார், விதிப்படி பாஸ். லூவர் மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை லீவு என்பதுகூடத் தெரிந்து வைத்திருக்கிறார்.

ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ, மறுத்துவிட்டால் அது போனது போனதுதான். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட், கைரேகை எல்லாம் வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வாங்கினால் ஒரே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப யாருக்கு மனசு வரும்? அதனால்தான் ஒரே மூச்சில் அத்தனை நாட்டையும் சுற்றுகிறார்கள். அக்காவும் அப்படித்தான் போய் வந்தாள். எது எந்த நாடு என்று இப்போது கேட்டால் குழம்புகிறாள். கூட வந்த சமையல்காரர் வைத்த வத்தக்குழம்பை மட்டும் மறக்கவில்லை.

வெனிஸ்காரர்கள் விவரமானவர்கள். பகலில் வந்து படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புகிறவர்களிடம், கூட்டம் மிகுந்த நாட்களில், 2024 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ராத்திரி அங்கேயே தங்கினால் அது கிடையாது. நியாயம்தான், ஆனால் அங்கே தங்குகிற செலவு எங்களுக்குத் தாங்காது. வெனிஸை அடித்தாயிற்று. பாரிஸ் அவர் கணக்கில் இருக்கட்டும்.

அக்டோபர் 11, ஞாயிறு

கொலுவுக்குப் படி கட்டி முடித்துவிட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட்.

இதற்கு என் பதில் உலுக் பேக்கின் வானாய்வகம். சமர்கண்டைத் தலைநகராக்கி ஆண்ட தைமூரின் பேரன் அவர். அரசராக இருந்துகொண்டே வானத்தை அளந்தவர். தொலைநோக்கி வராத காலம், 1420கள். குன்றைக் குடைந்து, சுமார் 40 மீட்டர் ஆரத்தில், வில் மாதிரி வளைந்த ஒரு பெரிய அளவுகருவியைக் கட்டினார். அளக்கும் கருவி பெரிதானால் ஒரு பாகைக்கும் அடுத்த பாகைக்கும் இடையே இடைவெளி கூடும், அளவு துல்லியமாக வரும் என்பது கணக்கு. அங்கிருந்து 1,018 விண்மீன்களுக்கு அட்டவணை போட்டார்கள். ஒரு வருஷத்தின் நீளத்தை ஏறக்குறைய ஒரு நிமிஷப் பிசகில் சொன்னார்கள். 1449இல் பெற்ற மகனே ஆள் வைத்து அவரைக் கொன்றான். ஆய்வகம் தரைமட்டமாகி, இருந்த இடமே தெரியாமல் போய், 1908இல்தான் தோண்டிக் கண்டுபிடித்தார்கள்.

இன்று மிஞ்சியிருப்பது மண்ணுக்குள் இருந்த பகுதி மட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பளிங்கு வளைவுகள் இருட்டுக்குள் இறங்கிப் போகின்றன, மேலே பாகைக்குப் பாகை கோடு வெட்டியிருக்கிறது. படத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைப் பார்க்க நான் தனியாகக்கூடப் போவேன்.

ரெஜிஸ்தான் சதுக்கம் அதற்கப்புறம்தான். அங்கே ஷேர்தோர் மதரசாவின் வாசல் வளைவில் புலி மாதிரி ஒன்று மானைத் துரத்துகிறது. அதன் முதுகில் மனித முகத்தோடு ஒரு சூரியன். இஸ்லாமியக் கல்விக்கூடத்தின் முகப்பில் இப்படி ஒரு சித்திரம்!

டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு விமானம், அங்கிருந்து அஃப்ராசியாப் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கோடையில் வெயில் கொளுத்தும், குளிர்காலத்தில் உறைந்துவிடும். போனால் ஏப்ரல், இல்லையென்றால் அக்டோபர். நான் சைவம் என்பதுதான் சிக்கல். அவர்கள் புலாவில் கறி இல்லாமல் இருக்காது. நடுவில் அச்சுக் குத்திய அந்த வட்ட ரொட்டியும் தக்காளியும் முலாம்பழமும் வைத்து ஓட்டிவிடலாம்.

அக்டோபர் 16, வெள்ளி

கொலு பார்க்க வந்த எதிர்வீட்டு மாமி, "இதெல்லாம் இருக்கட்டும், காசிக்குப் போயாச்சா?" என்றார். போயாச்சு மாமி. சுண்டல் எடுத்துக்கோங்க.

ஜப்பானின் கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி கோயிலில் சிவப்பு வாசல்கள் வரிசையாக மலைமேல் ஏறிப் போகின்றன. மலை 233 மீட்டர் உயரம். நம் மலைக்கோட்டை 83 மீட்டர்தான், அதற்கே இப்போதெல்லாம் தாயுமானவரோடு திரும்பிவிடுகிறோம். உச்சிப்பிள்ளையாருக்குக் கீழேயிருந்தே ஒரு கும்பிடு. கியோட்டோ மகள் பட்டியலுக்கு மாற்றப்படுகிறது.

பதிலுக்கு நானாக ஒன்று சேர்த்தேன், சீனாவின் சுவான்சோ. 1281இல் அங்கே ஒரு சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள், கடைசியில் சீன எழுத்தும் உண்டு. கோயில் இல்லை. அதன் தூண்கள் இரண்டை அங்குள்ள கையுவான் புத்தர் கோயிலின் பின்புறம் நிறுத்தியிருக்கிறார்கள், விஷ்ணு கதைச் சிற்பங்களோடு. 2021இல் ஊரையே யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். "ரெண்டு தூணுக்காகச் சீனாவா?" என்கிறார் இவர். ஒரு மோனலிசாவுக்காகப் பாரிஸ் போகலாமாம்!

அக்டோபர் 25, ஞாயிறு

முதலில் ஆமதாபாத் என்று முடிவாயிற்று. பாஸ்போர்ட் வேண்டாம், ஏறக்குறைய சமதரை. 2017இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமாக அறிவித்த முதல் இந்திய ஊர் இதுதான். 'போல்' என்கிற பழைய தெருக்கூட்டங்களுக்குள் நடக்க வேண்டும். அங்கங்கே கம்பத்தின் உச்சியில் செதுக்கிய மரக்கூண்டு வைத்துப் பறவைகளுக்குத் தானியம் போடுவார்கள். அதன் பேர் சபுத்ரோ. நான் பார்க்கப் போவது அதை. காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து மாநகராட்சியே நடத்திக் கூட்டிப் போகிறது.

ஜனவரி 14 உத்தராயணத்துக்கு ஊரே மொட்டைமாடியில் பட்டம் விடும், அப்போது போகலாம் என்றாள் மகள். பொங்கலன்று வீட்டைப் பூட்டிவிட்டா? காணும் பொங்கல் கழிந்த பிறகு போகிறோம். மிச்சப் பட்டங்கள் கம்பியில் தொங்கும், அதைப் பார்த்தால் போதும்.

சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ். முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும், அதனால் நவம்பர் கடைசியில் நினைவுபடுத்த வேண்டும். இடம் இருந்தால் பெண்களுக்கு 45 வயதிலேயே லோயர் பெர்த் தருகிறார்கள், ஆண்களுக்கு 60. இவருக்கு 59. மேலே ஏறிப் படுக்கட்டும், கியோட்டோவுக்குப் பயிற்சி.