பனிவண்டி டிரெய்லருக்கு ஒரு பழைய பிக்கப்: ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை

ஆகஸ்ட்

கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே வெப்பமானது 2023–24. ஒன்டாரியோவின் பாரி நகரில் இருக்கும் எங்களுக்கு அது வெட்டியாகக் கழிந்த பருவம். ஸ்னோமொபைல் (பனிவண்டி) கூட்டமைப்பின் இணைய வரைபடத்தில் எங்கள் பக்கத்துப் பாதைகள் பெரும்பாலும் சிவப்பாகவே, அதாவது மூடியே, கிடந்தன. பனி வடக்கே இருந்தது, பனிவண்டிகள் எங்கள் கொட்டகையில் இருந்தன. வீட்டில் உள்ள சிறிய எஸ்யூவி இழுக்கக்கூடியது 680 கிலோதான். ஆகவே அடுத்த பருவத்துக்குள் ஒரு பழைய பிக்கப் டிரக் வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. வரி உட்பட 27,000 டாலரைத் தாண்டக் கூடாது என்பது வீட்டு நிதியமைச்சரின் உத்தரவு.

ஸ்னோமொபைலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி: முன்னால் திருப்புவதற்கு இரண்டு சறுக்குக்கட்டைகள், பின்னால் தள்ளுவதற்கு அகலமான ரப்பர் பட்டை, நடுவில் எஞ்சின். கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசஃப்-ஆர்மான் பொம்பார்டியே 1959இல் ஸ்கி-டூ என்னும் பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று காட்டுப் பாதைகளில் ஓடுபவையும் அந்த அமைப்பிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை.

டிரக் தேடுவதற்கு முன் டிரெய்லரை வாங்கினேன். எல்லோரும் இதை மறுவரிசையில்தான் செய்கிறார்கள். இழுக்க வேண்டியது எத்தனை கிலோ என்று தெரியாமல் இழுக்கும் வண்டியைத் தேடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இரண்டு பனிவண்டிகள் கொள்ளும், மூக்கு கூம்பிய, மூடிய அலுமினிய டிரெய்லர். திறந்த டிரெய்லர் பாதி எடைதான், விலையும் பாதிதான். ஆனால் டிரக்கின் பின்சக்கரங்கள் வாரியிறைக்கும் உப்புச் சேறு முழுவதையும் பனிவண்டிகள் குளித்துக்கொண்டே வரும்.

வாடகை டிரக் ஒன்றில் மாட்டி, சல்லிக்கல் விற்கும் முற்றத்தில் இருக்கும் எடைமேடையில் ஏற்றினேன். வெறும் டிரெய்லர் 580 கிலோ. எண்ணெய், பெட்ரோல் எல்லாம் நிரப்பிய நிலையில் என்னுடைய 600 சிசி டூ-ஸ்ட்ரோக் 245 கிலோ, மைத்துனரின் இருவர் அமரும் ஃபோர்-ஸ்ட்ரோக் 310 கிலோ. உடுப்பு, தலைக்கவசம், பெட்ரோல் கேன், கருவிகள் என்று 85 கிலோ சேர்த்தால் மொத்தம் 1,220.

ஒன்டாரியோவில் டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம். சந்தையில் பல டிரெய்லர்கள் சரியாக 2,990 பவுண்டு, அதாவது 1,356 கிலோ என்று முத்திரை குத்தப்பட்டு வருவதன் ரகசியம் இதுதான்: பிரேக் பொருத்தும் செலவு மிச்சம். நான் வாங்கியது 3,500 பவுண்டு தாங்கும் அச்சும் மின்பிரேக்கும் உள்ளது. சட்டம் கேட்காவிட்டாலும், பனி உறைந்த இறக்கத்தில் ஒரு டன்னுக்கு மேல் எடை பின்னாலிருந்து தள்ளும்போது எனக்கு அது வேண்டும்.

செப்டம்பர்

1,220 கிலோ என்பது முழு அளவு பிக்கப் எதற்குமே பெரிய வேலை அல்ல. நடுத்தர அளவு பிக்கப்பான ஹோண்டா ரிட்ஜ்லைன்கூட 2,268 கிலோ இழுக்கும். அப்படியிருக்க, விளம்பரங்களில் "4,500 கிலோ இழுக்கும்", "5,000 கிலோ இழுக்கும்" என்று தலைப்பிலேயே போட்டுக்கொள்கிறார்கள். அந்த எண்ணால் எனக்கு ஒரு பயனும் இல்லை. நான் ஒவ்வொரு விற்பனையாளரிடமும் கேட்டது ஒன்றுதான்: ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வில்லையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

ஆட்களும் சரக்குமாகச் சேர்த்து அந்த டிரக் எத்தனை கிலோ சுமக்கலாம் என்பது அந்த வில்லையில் இருக்கிறது. ஒரே மாடலில் இரண்டு டிரக்குகள் நின்றால் இரண்டுக்கும் அந்த எண் வேறாக இருக்கும். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, மின்சாரத்தில் மடங்கும் படி என்று ஒவ்வொரு வசதியும் அதிலிருந்து தன் பங்கைத் தின்றுவிடுகிறது. டிரெய்லர் கொக்கியின்மேல் அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். அது டிரெய்லர் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

என் கணக்கு இது. நான்கு பேர் 300 கிலோ. (என் மனைவிக்குப் பனிவண்டியில் நாட்டமில்லை. விடுதியின் கணப்பு அடுப்புக்கு அருகில் புத்தகத்தோடு உட்கார வருகிறாள். எடைமேடைக்கு அந்த வேறுபாடு தெரியாது.) பின்பெட்டியில் சாமான்கள் 90, பெட்டியின் மேல்மூடி 75, டிரெய்லரை மாட்டும் இழுவைக் குண்டும் அதன் தண்டும் 10, கொக்கிச் சுமை 150. கூட்டினால் 625.

இந்த 625ஐ வைத்துக்கொண்டு பார்த்தபோது, மிகவும் பளபளப்பான ஒரு டிரக் முதலிலேயே கழிந்தது. இழுவைத் திறன் நான்கரை டன், வில்லையில் 560 கிலோ. மேல்மூடி போட்டு, சாமான்களோடு நாங்கள் நால்வரும் ஏறி டிரெய்லரை மாட்டினால் வரம்பு மீறிவிடும். விற்பனையாளர் நம்பவில்லை. "இதைக் கொண்டு வீட்டையே இழுக்கலாம்" என்றார். இழுக்கலாம்தான், யாராவது இறங்கி நடந்து வந்தால்.

அச்சின் பல்விகிதத்தையும் விசாரித்தேன். 3.21, 3.55, 3.73 என்று போகும் இந்த எண் பெரிதாக இருந்தால் இழுப்பது எளிது, பெட்ரோல் சற்று அதிகம். விற்பவருக்குப் பெரும்பாலும் இது தெரியாது. வண்டியே சொல்லிவிடும். ஃபோர்டில் கதவுத் தூணில் குறியீடு உண்டு. நான் பார்த்த ஆண்டுகளின் செவ்ரலே சில்வரடோவில் கையுறைப் பெட்டிக்குள் குறியீட்டுப் பட்டியல் ஒட்டியிருக்கும்: ஜியூ6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜி80 என்றால் ஒரு பின்சக்கரம் வழுக்கும்போது இரண்டையும் தானே பூட்டும் அமைப்பு. பனிப் பாதையின் வாகன நிறுத்துமிடத்தில் இந்த ஜி80 நல்ல துணை.

எஞ்சினைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பேர்பெற்ற நோய் ஒன்று இருக்கிறது. ஃபோர்டின் 2017–2020 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ எஞ்சினில் வால்வு நேரத்தை மாற்றும் கேம் ஃபேசரின் கடகடப்பு, செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் 5.3 லிட்டரில் சிலிண்டர்களை அணைத்து எழுப்பும் அமைப்பின் வால்வு லிஃப்டர்கள் பழுதாவது, ராம் டிரக்கின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினில் புகைக்குழாய் போல்ட்டுகள் முறிவது. இவற்றில் முதலும் கடைசியும் குளிர்ந்த எஞ்சினில்தான் வாய் திறக்கும். அதனால் "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டே கிளம்பினேன். போனதும் முதல் வேலை எஞ்சின் மூடியில் கை வைப்பது. சூடாக இருந்தால் மரியாதையாக நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடலாம்.

அக்டோபர்

இந்த மாதம் முழுவதும் டிரக்குகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். ஒன்டாரியோவில் பழைய வண்டி வாங்குவது என்பது உண்மையில் துருவை ஆராய்வதுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், உப்புக் கரைசலும் தெளிக்கிறார்கள். அது வண்டியைத் தாங்கும் சட்டகத்தின் உட்புறம் போய்ச் சேற்றோடு ஒட்டிக்கொண்டு கோடையிலும் வேலை செய்கிறது. டொயோட்டாவே சட்டகத் துருவுக்காக 2016இல் அமெரிக்காவில் டகோமா, டண்ட்ரா பிக்கப் உரிமையாளர்களோடு பெரிய சமரசத்துக்கு வந்தது. எந்தப் பெயரும் உப்புக்கு முன் புனிதமல்ல.

ஃபோர்டின் எஃப்-150 பிக்கப்புக்கு 2015 முதல் அலுமினிய உடல். இதனால் ஒரு புதிய குழப்பம் வந்திருக்கிறது. கதவின் கீழ் விளிம்பில் துரு இருந்தால் அடியிலும் இருக்கும் என்று ஊகிப்பது பழைய வழக்கம். அலுமினிய உடலில் அந்த அடையாளம் தோன்றாது. உடல் புதுமாப்பிள்ளை போல மின்னும், அதன் கீழே உள்ள சட்டகம் எஃகுதான்.

ஒரு டார்ச், ஒரு சிறிய சுத்தியல், பழைய திருப்புளி, தரையில் விரிக்க அட்டை. இவ்வளவுதான் கருவி. சட்டகத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரிக்கப்பட்ட இடம் மொத்தென்று ஓசை தரும். பின்அச்சுக்கு மேலே சட்டகம் வளையும் இடம், பின்வில்பட்டைகள் தொங்கும் தாங்கிகள், குறுக்குக் கம்பிகளின் மேல்பக்கம் ஆகியவற்றில் சேறு தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். பிரேக் குழாய்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். செதில் செதிலாக உதிர்ந்தால் அது பேரம் பேசும் விஷயம் அல்ல, விலகும் விஷயம்.

மாற்றுச் சக்கரத்தை இறக்கிக் காட்டும்படியும் கேட்டேன். சட்டகத்துக்கு அடியில் ஒரு கம்பி வடத்தில் அது தொங்குகிறது. வடமும் அதன் சுருள் கருவியும் துருப்பிடித்து இறுகிப்போனால், நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் வெடிக்கும்போது அந்தச் சக்கரம் அங்கேயே தொங்கி வேடிக்கை பார்க்கும். பத்து வயதான டிரக்குகளில் பாதிக்குமேல் இறங்க மறுத்தது எனக்கு வியப்பில்லை, உரிமையாளர்களுக்குத்தான் வியப்பு.

ஒரு டிரக்கின் அடிப்பாகம் முழுவதும் புத்தம் புதிய கறுப்புப் பூச்சு, தார் போல் தடிமனாக. "துரு வராமல் இருக்க இப்போதுதான் அடித்தேன்" என்றார் உரிமையாளர். நான் பின்வில்பட்டைத் தாங்கிக்கு அருகில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன். அது பாதிவரை உள்ளே போயிற்று. இருவரும் சிறிது நேரம் வானிலை பற்றிப் பேசினோம். எண்ணெய் சொட்டும் துருத்தடுப்பை ஆண்டுதோறும் அடித்த வண்டி வேறு மாதிரி இருக்கும். அழுக்காக, பிசுபிசுப்பாக, தொட்டால் சட்டையைப் பாழாக்குவதாக. அந்த அசிங்கத்தைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்றில் சட்டகம் நன்றாக இருந்தது. முன்பக்கம் மட்டும் கனமான இரும்புத் தாங்கி கழற்றப்பட்ட போல்ட் துளைகள். பனி அள்ளும் கலப்பை மாட்டி உழைத்த வண்டி. முன்சக்கரத் தாங்கிகளும் கியர்பாக்ஸும் எத்தனை முறை முன்னும் பின்னும் அடிபட்டனவோ. விட்டுவிட்டேன்.

நவம்பர்

ஓரில்லியாவுக்கு அப்பால் ஒரு பண்ணை வீட்டில் கிடைத்தது: 2018 எஃப்-150, 2.7 லிட்டர் எக்கோபூஸ்ட், பத்து கியர், 3.55 அச்சு, நான்கு கதவு, துணி இருக்கை. இழுவைத் திறன் சுமார் 3,400 கிலோ, வில்லையில் 720. ஏழு முனை மின்செருகியும் டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடும் தொழிற்சாலையிலேயே பொருத்தியவை. கிலோமீட்டர் சற்று அதிகம்தான். ஆனால் அடியில் படுத்தவுடன் என் சட்டை பாழாயிற்று. உரிமையாளர் முதியவர், ஆண்டுதோறும் துருத்தடுப்பு அடித்த ரசீதுகளைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். மாற்றுச் சக்கரம் சத்தமில்லாமல் இறங்கியது. நான் சுத்தியலை எடுத்தபோது, "தட்டிப் பாருங்கள் தம்பி, நானும் அப்படித்தான் வாங்கினேன்" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

விலை 23,400. தனியாரிடம் வாங்கினாலும் ஒன்டாரியோவில் 13 சதவீத வரி உண்டு. விலை, மொத்த வியாபார மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதன்மேல். விலையே அதிகமாக இருந்ததால் மொத்தம் 26,442. விற்பவர் தர வேண்டிய வாகனத் தகவல் தொகுப்பில் பழைய உரிமையாளர்கள் பட்டியலும் கடன் பாக்கி விவரமும் இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். சோதனை செய்த அன்று வண்டி குறைந்தபட்சத் தகுதியோடு இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை.

பனிக்கு உரிய, மலையும் பனித்துகளும் பொறித்த டயர்களை மாட்டினேன். அந்த மாதக் கடைசியில் ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வந்த ஏரிப்பனி கிராவன்ஹர்ஸ்ட் பகுதியில் ஒரு மீட்டருக்கு மேல் கொட்டி, நெடுஞ்சாலை 11ஐ நாட்கணக்கில் மூடவைத்தது. போன ஆண்டு முழுவதும் வராத பனி, டிரக் வந்ததும் முகவரி விசாரித்துக்கொண்டு வந்தது.

ஜனவரி

ஹன்ட்ஸ்வில் பக்கமும் பாரி சவுண்ட் (எங்கள் பாரி அல்ல, வேறு ஊர்) பக்கமும் போய்வந்தாயிற்று. எஞ்சினுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. காற்றுதான் எதிரி. டிரெய்லர் இல்லாமல் நூறு கிலோமீட்டருக்குப் பதினொரு லிட்டர் குடிக்கும் டிரக், மூடிய டிரெய்லரோடு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பத்தொன்பது குடிக்கிறது. 90க்கு இறக்கினால் பதினேழுக்குக் கீழே வருகிறது. பனிவண்டிகளை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரை இழுத்தபோதும் பெரிய வேறுபாடு இல்லை. டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் சில தயாரிப்பாளர்கள் வரம்பு விதிப்பது இதனால்தான். அந்த அட்டவணையை யாரும் படிப்பதில்லை.

வழுக்கும் சாலையில் டிரெய்லர் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. உலர்ந்த சாலைக்குச் சரியான அளவு, உறைபனியில் டிரெய்லர் சக்கரங்களைப் பூட்டிவிடும். இறக்கங்களில் கியரைத் தானே குறைக்கும் இழுவை முறையையும் பனியில் யோசித்தே போடுகிறேன். பின்சக்கர ஓட்டத்தில் இருக்கும்போது எஞ்சின் பிடிப்பு முழுவதும் பின்சக்கரங்களுக்கே போகிறது. அங்கே பிடிமானம் போனால் பின்பகுதி ஒருபக்கம் நழுவும்.

எதிர்பார்க்காத வேலை கொக்கிச் சுமையில் வந்தது. பனிவண்டிக்கு எஞ்சின் மூக்கில் இருக்கிறது. இரண்டும் முன்னோக்கி நின்றால் எடை முழுவதும் டிரெய்லரின் கூம்பு மூக்குக்குப் போய்விடுகிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது 205 கிலோ, மொத்தத்தில் ஏறக்குறைய 17 சதவீதம். டிரக்கின் முகம் வானத்தைப் பார்த்தது, எதிரே வருபவர்கள் விளக்கடித்துத் திட்டினார்கள். சறுக்குக்கட்டைகளைப் பூட்டும் குறுக்குக் கம்பிகளை 30 சென்டிமீட்டர் பின்னுக்கு நகர்த்தியதும் 165க்கு இறங்கிவிட்டது. மைத்துனரின் வண்டியைப் பின்புறமாக ஏற்றினால் இன்னும் குறையும். ஆனால் சாய்வுப் பலகையில் 310 கிலோவை ரிவர்சில் ஏற்ற அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.