அண்ணன் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு

அத்தையின் பெட்டியைத் திறந்தால் முறுக்கு, புளிக்காய்ச்சல், எனக்கு இரண்டு சுடிதார். எல்லாவற்றுக்கும் அடியில், மஞ்சள் பைக்குள் செய்தித்தாள் சுற்றி வைத்த ஒரு நூல் சேலை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை.

"இது யாருக்கு அத்தை?"

"திரௌபதை அம்மனுக்குடி. உங்கப்பா எடுத்துக் குடுத்தது."

முதுகலைப் படிப்புக்காக நான் சிங்கப்பூர் வந்து இரண்டாவது வருடம். போன ஐப்பசியில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதியை வீடியோ அழைப்பில் ஊருக்குக் காட்டியிருந்தேன். கடலூர் பக்கத்தில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, இரவில் கூத்து நடத்தி, கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனனைப் படுகளத்தில் சாய்த்து, மாலையில் தீ மிதிப்பார்கள். அதே திருவிழா கடல் தாண்டி 1840 முதல் நடக்கிறது என்று சொன்னபோது அத்தை நம்பவில்லை. அன்றே முடிவு செய்துவிட்டாராம், ஒருநாள் நேரில் வந்து பார்ப்பதென்று. அவருக்குத் தோதாக வந்தது டிசம்பர் விடுமுறைதான். தீமிதி முடிந்துவிட்டதே என்று எனக்குத்தான் வருத்தம். "விழா முடிஞ்சா அம்மன் எங்க போயிடப் போறா?" என்றார்.

முதல் மூன்று நாட்கள் ஊர் சுற்றினோம். மரீனா பே, கரையோரப் பூந்தோட்டம், செந்தோசா. அத்தைக்கு உண்மையாகவே பிடித்தது ஆர்க்கிட் தோட்டம் மட்டும்தான். அதையும் "இவ்வளவு பூ இருக்கு, ஒண்ணுகூட சாமிக்குப் போகலையே" என்று சொல்லிக்கொண்டே பார்த்தார்.

நான்காம் நாள் கோயில். இரயிலில் போனால் ஃபேரர் பார்க் ஸ்டேஷனில் ஏறி நான்காவது ஸ்டேஷனில் இறங்கிவிடலாம் என்றேன். தீமிதி நாளில் பக்தர்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்டார். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, கரகம் முன்னால் போக, கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் நடந்து மாரியம்மன் கோயில் பூக்குழிக்கு வருவார்கள் என்றேன்.

"பெருமாள் கோயில்லேருந்தா?" அத்தையின் முகம் மாறியது. "பெருமாள்னா கிருஷ்ணன். திரௌபதைக்கு அண்ணன். அப்ப அண்ணன் வீட்டுலேருந்து தங்கச்சி வீட்டுக்குப் போறாங்க. நாமளும் நடந்தே போவோம். சீர் கொண்டு போறவ ரயில்ல போகக் கூடாது."

அந்தப் பாதையில் போன வருடம் நானும் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்திருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மார்கழி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. இங்கே பொழுது விடிய ஏழு மணி ஆகும் என்பதால் இருட்டிலேயே குளித்துக் கிளம்பினோம். பெருமாள் கோயிலில் திருப்பாவை நடந்துகொண்டிருந்தது. 1855-இல் எழுந்த கோயில் இது. ஆரம்பத்தில் நரசிங்கப் பெருமாள் கோயில் என்றுதான் பெயர், 1966-இல்தான் சீனிவாசப் பெருமாள் ஆனது. ஆண்டாள் சன்னதியில் அத்தை சேலையைப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். பெருமாள் முன்னால் போய் நின்று, யாரிடமோ விவரம் சொல்வதுபோல மெதுவாக, "உன் தங்கச்சிக்குத்தான் கொண்டு போறேன். எங்க அண்ணன் குடுத்தனுப்பிச்சது" என்றார். அர்ச்சகர் ஒரு துளசிக்கொத்தைச் சேலை மேல் வைத்தார்.

வெளியே வந்ததும் செருப்பை என் பைக்குள் போட்டுவிட்டார். அறுபத்திரண்டு வயது, இடது முழங்காலில் வலி. வேண்டாம் அத்தை என்று இரண்டு தடவை சொன்னேன். அப்புறம் என் செருப்பையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

சிராங்கூன் சாலைப் பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கினோம். சிங்கப்பூர் டாலர் கணக்கை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து மலைத்தாலும் பேரம் பேசவில்லை. அம்மனுக்கு வாங்குவதில் பேசக் கூடாதாம். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று கும்பிட்டோம். இந்தப் பக்கத்தில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்த காலத்தில் இதைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்களாம்; கம்பம் என்றால் மலாயில் ஊர். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தபோது சனங்கள் உள்ளே ஓடி ஒளிந்தார்கள் என்றும், கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னேன். "காளி வீடாச்சே" என்றார் அத்தை. அதற்கு மேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

சிலிகி சாலையில் மழை பிடித்துக்கொண்டது. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை, பழைய ஆட்கள் அஞ்சடி என்பார்கள், அதில் ஒதுங்கினோம். சாரலில் நனையாமல் சேலையை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு, சுவரோரமாக நின்றார். கால் பாதம் இரண்டும் வெளுத்து ஊறிப்போய், ஓரத்தில் ஒரு சின்னக் கல் குத்திய சிவப்பு. குனிந்து தொட்டுப் பார்த்தேன். "காலத் தொடாத, எழுந்திரு" என்று அதட்டினார். அடுத்த நொடியே என் தலையில் கை வைத்து, "உங்கப்பா நடக்க முடிஞ்சா அவனே வந்திருப்பான்" என்றார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம். ஊர்த் தீமிதியில் ஒவ்வொரு வருடமும் இறங்கிக்கொண்டிருந்தவர் அவர். சேலை எதற்கு என்று நான் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாம். ஏனோ மழையில்தான் சொன்னார்.

மழை விட்டதும் நார்த் பிரிட்ஜ் சாலைக்கு வந்தோம். புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம் ஈரத்தில் பளிச்சென்று நின்றது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உள்சுவரில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சேர்த்தது. ஊர்ப் பழைய வீட்டுத் தூண் மாதிரியா என்று கேட்டு, நின்று ஒரு கும்பிடு போட்டார். சாமிக்குப் போட்டாரா, பூசிய கைகளுக்கா, நான் கேட்கவில்லை.

எல்ஜின் பாலம் தாண்டினால் சவுத் பிரிட்ஜ் சாலை. இந்தப் பாலத்துக்கு வடக்கே இருப்பது நார்த் பிரிட்ஜ், தெற்கே இருப்பது சவுத் பிரிட்ஜ், அவ்வளவுதான் பெயர்க்காரணம். நம் கடற்கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசல் முதலில் வரும். அதன் மினாரைத் தாண்டி ஒரு தெரு கடந்தால் கோபுரம். 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்த கோயில், சுதைச் சிற்பங்களில் வண்ணம் இன்னும் பொலிவாக இருக்கிறது.

1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை வைத்துப் பிழைத்தவர். 1827-இல் மரத்தாலும் ஓலையாலும் கோயில் எழுப்பி ஒரு சின்ன அம்மனை வைத்தார். ஊர் வளர, கோயில் வளர, பெரிய அம்மன் வந்தாள். அந்தச் சின்ன அம்மனை மட்டும் யாரும் அப்புறப்படுத்தவில்லை. இன்றும் கருவறையில் இருக்கிறாள். அத்தைக்கு அதைச் சொன்னதும் எட்டி எட்டிப் பார்த்தார். "முதல்ல வந்தவ இவதான். ஓலைக் கொட்டாயில இருந்திருக்கா பாவம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு திரௌபதி சன்னதி. பக்கத்தில் பாண்டவர் ஐவர், கிருஷ்ணன். அத்தை ஒவ்வொருவராகப் பார்த்து, தருமர், பீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன் என்று வாய்க்குள் எண்ணினார். சீட்டு வாங்கி வந்தேன். குருக்கள் தட்டை நீட்டினார். சேலை, அதன்மேல் மல்லிகைச் சரம், பெருமாள் கோயில் துளசி. யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். அத்தை தன் பெயரையோ என் பெயரையோ சொல்லவில்லை. அப்பாவின் பெயர், நட்சத்திரம் மட்டும் சொன்னார். குருக்கள் சேலையை அம்மன் பாதத்தில் சாத்தி ஆரத்தி காட்டினார். அந்த வெளிச்சத்தில் அரக்குக் கரை ஒரு கணம் நன்றாகத் தெரிந்தது. எனக்குக் கண் மறைத்துவிட்டது.

பூக்குழி போடும் இடத்தைக் காட்டச் சொன்னார். தீமிதி இல்லாத நாளில் அது வெறும் தரைதான். அதன் ஓரத்தில், மழை ஈரம் காயாத இடத்தில், வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மண்டபத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு போனைக் கேட்டார். ஊரில் அப்போது காலை ஏழரை இருக்கும். திரையில் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார், அம்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, குடுத்துட்டேன். நடந்துதான் வந்தேன்."

அப்பாவுக்குப் பேச்சு இன்னும் தெளியவில்லை. வலது கையை மெல்லத் தூக்கி, நெற்றி வரைக்கும் கொண்டுபோனார்.