அம்மாவின் குமட்டலும் இஞ்சி மாத்திரையும்

முதல் கீமோதெரபி முடிந்த மறுநாள், வாந்தி நின்ற பிறகும் அம்மாவுக்குக் குமட்டல் நிற்கவில்லை. தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைக் காணப் பொறுக்காமல், உறவினர் ஒருவர் கொடுத்திருந்த மூலிகை மாத்திரைக் குப்பியைத் திறக்கப் போனேன். ஏதோ ஒரு தயக்கத்தில், கொடுக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன்.

அவர் குப்பியைத் திருப்பி, பின்புறப் பொடி எழுத்துகளை விரல் வைத்துப் படித்தார். இஞ்சி, மஞ்சள் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு, கடைசியாக அளவே குறிப்பிடாத ஒரு "மூலிகைக் கலவை". அந்தக் கடைசி வரியில் விரல் நின்றது. சில மூலிகைகள் கல்லீரல் நொதிகளைத் தூண்டிக் கீமோ மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்றும், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இரினோடெக்கான் என்ற கீமோ மருந்தை அப்படித்தான் பலவீனமாக்குகிறது என்றும் விளக்கினார். என்ன இருக்கிறது என்றே தெரியாததை அம்மாவுக்குக் கொடுக்க இருந்தேனே என்று நெஞ்சு பதறியது.

ஆனால் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வாந்தித் தடுப்பு மருந்துகளோடு இஞ்சி மாத்திரையும் சேர்த்து, கீமோவுக்கு 3 நாள் முன்பே தொடங்கி 6 நாட்கள் எடுத்துக்கொண்டவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்ததாகவும், நாளுக்கு அரை கிராமும் ஒரு கிராமும்தான் அதிகப் பலன் தந்ததாகவும் சொன்னார். எல்லா ஆய்வுகளிலும் இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எதுவும் எடுக்கிறாரா என்று கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே, இஞ்சி மட்டும் உள்ள மாத்திரையை நாளுக்கு ஒரு கிராம் அளவில் அனுமதித்தார். வாந்தித் தடுப்பு மருந்தான ஆன்டான்செட்ரானை நிறுத்தவே கூடாது என்று இருமுறை சொன்னார்.

இரண்டாம் சுற்றில் முதல் நாள் மாலையே அம்மா எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். வெறும் வயிற்றில் போட்டபோது நெஞ்செரிச்சல் வந்ததால், சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் திரும்பிய குமட்டலுக்கு இஞ்சி எடுபடவில்லை. இரவில் ஓலான்சபின் என்ற, குமட்டலைக் குறைக்கும் இன்னொரு மருந்தைச் சேர்த்த பிறகே அது அடங்கியது.

மூன்றாம் சுற்றுக்கு முந்தைய பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. இஞ்சி இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் உடனே நிறுத்தச் சொன்னார்கள். அம்மாவுக்கு மனமே இல்லை. "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கறேனே" என்று கேட்டார். மருந்துகளை எழுதிவைக்கும் நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே "இஞ்சி இல்லை" என்று எழுதி அவரிடம் காட்டினேன். அதைப் படித்துவிட்டு, மாத்திரைக் குப்பியை அவரே என் கையில் கொடுத்தார்.