டிகிரி இல்லாமல் எம்.பி.ஏ.: ஏப்பல் வழியில் நான் பட்ட பாடு

வியூக மேலாண்மை எம்.பி.ஏ.வுக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கையில் இருப்பது டிப்ளோமா மட்டும்தான். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறேன். இடம் கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் முதல் நாள் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பியிருந்தால் இந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன் என்பதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

விடுப்பு எடுத்து, ரயிலேறிக் கோலாலம்பூர் போனேன். பல்கலைக்கழக முகப்பில் இருந்த பெண் என் கோப்பைத் திறக்கவேயில்லை. "டிகிரி இல்லாமல் மாஸ்டர் கிடையாது, அக்கா" என்றார். வேலை அனுபவத்தை வைத்துச் சேர்க்கும் ஏப்பல் (APEL) வழி இருக்கிறதே என்று கேட்டேன். "அது டிப்ளோமாவில் சேருகிறவர்களுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அது தவறான தகவல். வேலை அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டுப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் இந்த முறையில், மாஸ்டர் படிப்புக்கென்றே டி-7 என்ற பிரிவு இருக்கிறது. முப்பது வயதைக் கடந்த மலேசியராக இருந்து, ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவும் துறை சார்ந்த அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். முகப்பில் வாய்வார்த்தையாக மறுத்தால் தயவுசெய்து திரும்பி வந்துவிடாதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள். அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு பிரிவிலிருந்து எனக்குச் சரியான பதில் அப்படித்தான் வந்தது.

ஏப்பல் மதிப்பீட்டில் திறனறித் தேர்வு பிரச்சினையில்லாமல் முடிந்தது. பாடாய்ப் படுத்தியது போர்ட்ஃபோலியோ என்ற அனுபவத் தொகுப்பு. பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் சான்று வேண்டும். நான் முதன்முதலில் வேலை செய்த தோட்டமோ எப்போதோ கைமாறிவிட்டது. பழைய ஆட்களின் பதிவேடு தங்களிடம் இல்லை என்று புதிய நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அந்தக் காலத்துப் பெரிய கிராணி ஐயாவைத் தேடிப் போனேன்.

"தோட்டத்து முத்திரை இல்லாமல் நான் எழுதிக் கொடுத்தால் செல்லுமா அம்மா? உன் இ.பி.எஃப். சேமநிதி அறிக்கையைப் பார்த்தாயா? மாதாமாதம் பணம் கட்டியது அதில் இருக்குமே" என்றார்.

அம்மாவின் தகரப் பெட்டியில் அந்தப் பழைய அறிக்கைகள் அப்படியே இருந்தன. மடித்த இடங்களில் தாள் விட்டுப்போயிருந்தது, ஆனால் முதலாளி கட்டிய சந்தா மாதவாரியாகத் தெளிவாகத் தெரிந்தது. வேலை நியமனக் கடிதத்தோடு அவற்றையும் இணைத்தேன். மதிப்பீட்டாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஐயாவுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

போர்ட்ஃபோலியோவில் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று பட்டியல் போட்டால் போதாது. அந்த வேலையில் என்ன கற்றீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். நான் எங்கள் எடைமேடையைப் பற்றி எழுதினேன். வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், விலை இறங்கும். லாரி வரிசை நீண்டுகொண்டே போனதால் சிறுதோட்டக்காரர்கள் வேறு ஆலையை நாடினார்கள். லாரிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுத்தோம். குலையின் தரம் குறித்த சீட்டை அங்கேயே கையில் கொடுத்தோம். போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

நேர்முகத்தில் இதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். சரக்கு தருபவரின் பேரம் பேசும் பலம், தொழில் போட்டியைத் தீர்மானிப்பவையாக மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் முன்வைத்த ஐந்து விசைகளில் ஒன்று. அந்தப் பெயர் தெரிவதற்கு முன்பே அதன் வேகத்தை எடைமேடையில் பார்த்தவள் நான். தடுமாறாமல் பதில் சொன்னேன். வெளியே வந்தபோது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

இடையில் ஒரு முகவர், தேர்வும் வேண்டாம், நேர்முகமும் வேண்டாம், உடனே எம்.பி.ஏ. என்று துரத்தித் துரத்தி அழைத்தார். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அவர் சொன்ன படிப்பு அதில் இல்லை. எங்கு பணம் கட்டுவதற்கு முன்பும் அதைப் பாருங்கள். இன்னொன்று: ஏப்பல் சான்றிதழ் படிப்பில் சேருவதற்கு மட்டும்தான். அதை டிகிரிக்குச் சமமாகக் காட்டி வேலை கேட்க முடியாது.

கட்டணத்துக்கு இ.பி.எஃப்.பின் செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். அங்கும் பல்கலைக்கழகத்தின் கடிதம் காலை வாரியது. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் இல்லை, அப்பா பெயரையே விட்டிருந்தார்கள். திருத்திய கடிதத்துக்கு மறுபடியும் அலைச்சல். கடிதம் கைக்கு வந்ததும் பெயர், அடையாள அட்டை எண், கட்டணத் தொகை மூன்றையும் முகப்பிலேயே நின்று சரிபாருங்கள்.

மாஸ்டர் படிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. ரசீதுகளை 7 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும், வரி வாரியம் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.